பினாஹோங் இலையும் தெம்பே வீட்டுக்காரியும்

இடது கை இடுக்கியில் ஓர் இலையைப் பிடித்திருந்தது. வலது கை சும்மா இருந்தது. சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள் சுற்றி வரட்டும் என்று அது காத்திருந்தது. முதலில் ஸ்பிரிட், அடுத்து பிளீச்சிங் திரவம், மறுபடி ஸ்பிரிட். அதன் பிறகு ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலத்தில் வேகவைத்து ஆறிய தண்ணீர், ஒரு கிண்ணத்துக்கு அடுத்து இன்னொரு கிண்ணம். இதய வடிவிலிருந்த அந்தத் தடித்த பச்சை இலை ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒருமுறை புரண்டு எழுந்தது. கைகளில் அவசரம் இல்லை. ஆனால் கையுறைக்குள் விரல்நுனிகள் வியர்த்துப் போயிருந்தன.

கடைசிக் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து, கிருமிக்குத் தீனியான அகர்க் கூழ் மட்டும் உறைந்த தட்டில் விட்டு, வளைந்த கண்ணாடிக் கோலால் கைகள் பரப்பின. இந்தத் தட்டுக்கு அந்த ஆய்வகத்தில் சாட்சித் தட்டு என்று பெயர். இதில் எதுவும் முளைக்கக் கூடாது. முளைத்தால், இலையின் வெளிப்புறத்தில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று இத்தனை கழுவலுக்கும் தப்பிவிட்டது என்று பொருள். அப்புறம் "இது இலைக்குள் குடியிருந்த கிருமி" என்று எதைக் காட்டினாலும் யாரும் நம்ப வேண்டியதில்லை.

பிறகு இலையின் காம்பையும் ஓரங்களையும் வெட்டி ஒதுக்கிவிட்டு, நடுப்பகுதியைக் கல்வத்தில் போட்டு அரைக்க ஆரம்பித்தன. கொழகொழவென்று பச்சைச் சாறு வந்தது.

அந்தக் கைகளுக்கு உரியவள் கஸ்மினி. ஜாவாவின் புர்வோகெர்த்தோ ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிர் ஆய்வகத்து ஊழியர். இலையைக் கழுவுவது அவளுக்குப் பல வருடப் பழக்கம். ஆனால் கழுவிய கை தன் கையா, தன் வீட்டுக் கையா என்ற சந்தேகத்தோடு அவள் கழுவியது இந்த முறைதான்.

ஊருக்குக் கிழக்கே, வீட்டுக்கு வீடு தெம்பே போடுகிற சந்து ஒன்றில் பிறந்தவள் அவள். அடுத்த சந்தில் வாழ்க்கைப்பட்டாள். சோயாவை ஊறவைத்து, தோல் நீக்கி, வேகவைத்து, பூசணத்தைத் தூவி, வாழையிலையில் மெல்லிய தகடாகக் கட்டிவைத்தால் மறுநாள் வெள்ளையாகப் பூத்துக் கட்டியாகி நிற்கும். அதை மாவில் தோய்த்து அரைவேக்காடாகப் பொரித்த மெந்தோவான் இல்லாமல் அந்த ஊரில் மழையும் பெய்யாது, பேச்சும் நடக்காது. ஆனால் ஊறவைத்த சோயாத் தண்ணீரில் பூசணம் தவிர வேறொரு ஜீவனும் உண்டு. சுருக்கம் விழுந்த வெள்ளைப் படலமாகப் படரும் ஒரு பாக்டீரியா. அதன் வித்துகளுக்கு எள்ளைவிடக் கெட்டியான ஓடு. ஸ்பிரிட்டில் முக்கினாலும் சாகாது. தலைமுடியில், சட்டை மடிப்பில், நகக்கண்ணில் ஏறிக்கொண்டு போகும்.

அதனால் ஆய்வகத்தில் முன்பு இருந்த தலைவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். தெம்பே வீட்டு ஆட்கள் விதைப்பு அறைக்குள் நுழையக் கூடாது. கிருமிகளைத் தட்டில் தூவி வளர்க்கிற அறை அது. தொழிற்பள்ளியில் வேதியியல் பகுப்பாய்வு படித்துவிட்டு வந்த கஸ்மினி, இந்தச் சட்டத்தால் வெகுகாலம் கண்ணாடிக் குடுவை கழுவினாள். பிறகு அகர் காய்ச்சினாள். பாக் பிரஸ்தோவோ தலைவராக வந்தபோதுதான் கதவு திறந்தது. அங்கே ஐயா என்பதற்குப் பாக், அம்மா என்பதற்கு இபு. "குளிச்சிட்டு, இங்க உள்ள துணிய மாத்திக்கிட்டு உள்ள வாங்க. வீட்டுச் சாமான் எதுவும் அந்த வாசப்படியத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை" என்றார். அவள் அந்த நிபந்தனையைத் தாண்டவில்லை. தாண்டவில்லை என்றுதான் போன வாரம்வரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

பினாஹோங் என்பது வேலிகளில் படரும் கொடி. பிரசவப் புண்ணுக்கும் அறுவைக் காயத்துக்கும் அதன் இலையை அரைத்துப் பூசாத வீடு அங்கே இல்லை. அந்த இலைக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் சீழ்க் கிருமியைக் கொல்லும் மருந்தைச் சுரப்பது எது என்று தேடும் வேலை பாக் பிரஸ்தோவோவுடையது. தேடியது பெரும்பாலும் கஸ்மினியின் கைகள். சந்து முனையில், பூப்பந்து மைதானத்து வேலியில் படர்ந்திருந்த கொடியிலிருந்து அவள் எடுத்தவற்றில் ஏழாம் எண் மற்றவற்றைப் போல இல்லை. சீழ்க் கிருமி பரப்பிய தட்டில் அதை ஒரு பொட்டாக வைத்தால், சுற்றிலும் கிருமி செத்து, கண்ணாடி போல அகலமான வளையம் விழும். குடலில் இருக்கிற கிருமிக்கும் அப்படியே. ஆய்வகத்தில் மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து நன்றி விருந்து வைத்தார்கள். கோபுரத்தின் நுனியை வெட்டி முதல் தட்டை பாக் பிரஸ்தோவோ அவள் கையில்தான் கொடுத்தார். நுண்ணுயிர்களைச் சேமித்துவைக்கும் காப்பகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து ஏழாம் எண்ணைப் பெற்றுக்கொள்வதாக நாளும் குறித்தாயிற்று.

விருந்துக்குப் பிறகு, பழைய தட்டுகளை ஆட்டோகிளேவில் போட்டுக் கொல்வதற்காக அவள் அடுக்கியபோதுதான் அதைக் கண்டாள். ஏழாம் எண் வந்த அதே நாளின் சாட்சித் தட்டு. வழக்கமான நாட்கள்வரை வைத்துப் பார்த்து, சுத்தம் என்று ஒதுக்கிவைத்தது. இப்போது அதன் விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி. சுருக்கம் விழுந்த புள்ளி. ஏழாம் எண்ணுக்கும் அதே வெள்ளை, அதே சுருக்கம்.

ஆட்டோகிளேவின் மூடியைத் திறந்து பிடித்தபடி மிஸ்வான் நின்றான். அவனும் அங்கே ஊழியன்தான். வாய் மட்டும் ஊருக்குப் பொது.

"என்ன யூ, தட்ட மோந்து பாக்கறீங்க? கெட்டுப்போன தெம்பேவா?" என்றான். அந்தப் பக்கத்தில் அக்காவை யூ என்றுதான் கூப்பிடுவார்கள்.

 அவன் கிட்ட வந்து எட்டிப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"இத உள்ள போட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். "நானும் பாக்கல, நீங்களும் பாக்கல."

"நான் பாத்துட்டேனே."

"அப்ப மறுபடி என்கூடக் குடுவை கழுவ வந்துடுங்க. எனக்கும் பேச்சுத் துணை ஆச்சு."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் தட்டை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பாக் பிரஸ்தோவோவின் அறைக்குப் போனாள். போகிற வழியிலேயே எப்படி நடந்தது என்று தெரிந்துவிட்டது. அன்று காலையில் இலை பறித்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. வாடிவிடுமே என்று புருஷன் தெம்பே கட்ட அடுக்கிவைத்திருந்த வாழையிலையில் ஒன்றை உருவி, பினாஹோங் இலைகளைச் சுற்றிக் கொண்டுவந்தாள். அந்தச் சந்தில் பிறந்தவர்களுக்கு மீனோ பூவோ எது வாடும்போலிருந்தாலும் கை தானாக வாழையிலைக்குத்தான் போகும். அவள் கையும் போயிருந்தது.

அவர் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க குளிச்சிட்டுதானே வந்தீங்க, இபு கஸ்?"

"குளிச்சேன், பாக். இலை குளிக்காம வந்துருச்சு. வாழையிலையில சுத்திக் கொண்டாந்தேன். வீட்டு வாழையிலை."

 வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப ஏழாம் எண் உங்க வீட்டுத் தெம்பேவா இருக்கலாம்" என்றார் கடைசியில்.

"இருக்கலாம், பாக்."

"காப்பகத்துல குடுத்து, அவங்க கண்டுபிடிச்சு, பினாஹோங் மருந்துன்னு மெந்தோவானக் குடுத்துட்டான்னு நாடு பூரா சிரிக்கும்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இல்ல, நேராப் பாத்துடுவோம். இந்தச் சாதி பாக்டீரியாவ இளகின அகர்ல எதிரெதிரா வெச்சா எறும்புக் கூட்டம் மாதிரி படரும். ஒரே குடும்பம்னா ரெண்டு படையும் ஒண்ணாக் கலந்துரும். வேற குடும்பம்னா நடுவுல ஒரு கோடு விட்டு நின்னுரும். உங்க வீட்டுச் சோயாத் தண்ணி கொஞ்சம் எடுத்துட்டு வாங்க. வாசப்படிக்கு வெளியிலேயே குடுங்க, மிஸ்வான் பாத்துப்பான். ஆனா அது மட்டும் பத்தாது. தெம்பே இல்லைன்னு ஆனாலும் இலைக்குள்ள இருந்ததுன்னு ஆகாதே. அதே கொடிலேர்ந்து புது இலை வேணும். சுத்தமான சாட்சித் தட்டோட."

"கலந்துட்டா நானே குடுவை கழுவப் போயிடறேன், பாக். நீங்க வாயால சொல்ல வேண்டாம்."

வேண்டாம், அப்படியெல்லாம் பேசாதீங்க என்று அவர் சொல்லுவார் என ஒரு கணம் எதிர்பார்த்தாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் சந்து முனைக்கு வந்தவள் சைக்கிளை விட்டு இறங்காமலே நின்றுவிட்டாள். நாட்டின் சுதந்திர தினமான ஆகஸ்டு பதினேழு நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர்கூடித் துப்புரவு முடிந்திருந்தது. பூப்பந்து மைதானத்து வேலி மூங்கில் மூங்கிலாகச் சிவப்பும் வெள்ளையும் பூசிக்கொண்டு பளபளத்தது. கொடியைக் காணோம். மூலையில் சாம்பல் புகைந்துகொண்டிருந்தது. கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்தான். ஆனால் அது தழைத்து இலை விடுவதற்குள் காப்பகத்து அம்மாள் வந்து போய்விடுவாள்.

வீட்டு முற்றத்தில் அவள் புருஷன் சார்கும் கையில் சுண்ணாம்புக் கறையோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"யாரு காங், கொடிய அறுத்தது?" புருஷனையும் அங்கே காங் என்றுதான் கூப்பிடுவார்கள், அண்ணனைக் கூப்பிடுவது போலவே.

"ஊரே சேந்து அறுத்தோம். முதல் வெட்டு நான்தான். ஏன்?"

அவள் திண்டாடித் திண்டாடிச் சொல்லி முடித்தாள். அவன் தேநீரைக் கீழே வைத்தான்.

"அடியே, நம்ம தெம்பேவா மருந்து? அப்ப நாளைலேர்ந்து வெல ஏத்திரலாமே!"

"சிரிக்காதீங்க. என்ன வெளியில அனுப்பிருவாங்க."

அவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு தலையைச் சொறிந்தான். "மேல, பாத்துராதென் ஊருக்குப் போற ஏத்தத்துல, பஞ்சர் ஒட்டுற ஜுமேனோ இருக்காருல்ல? அவரு கால் புண்ணுக்குன்னு இந்த வேலிலேர்ந்துதான் ரெண்டு துண்டு வெட்டிக் குடுத்தேன். பல வருசம் ஆச்சு. வேர் விட்டு அவரு கூரை மேலயே ஏறிருச்சுன்னு சொன்னாரு."

அவள் அவனையே பார்த்தாள். துண்டுக்குள் இருந்திருந்தால் கிருமியும் கூடவே மலை ஏறியிருக்கும். இருந்திருந்தால்.

அன்றைக்கே ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டாள். சோதனை முடியும்வரை தெம்பே வாடை இல்லாத இடத்தில் இருக்கவேண்டும். பல்கலைக்கழகத்துக்கு அருகில் தங்கையின் வாடகை அறை இருந்தது.

"பாக்டீரியாவுக்காகப் புருசன விட்டுட்டுப் போற பொம்பள இந்த ஜாவாவுலயே நீ ஒருத்திதான்" என்றான் சார்கும். ஆனால் பையை அவன்தான் சைக்கிளில் கட்டிவிட்டான். கட்டும்போது தன் கை அதில் படாமலிருக்க பழைய செய்தித்தாளால் பிடித்துக்கொண்டான்.

ஜுமேனோவின் கடை மலைச் சாலையின் திருப்பத்தில் இருந்தது. மேகம் இறங்கி ஸ்லாமெட் மலை தெரியவில்லை. தங்கையின் துணியை உடுத்தி, முடியை இறுகக் கட்டி, ஆய்வகத்தில் வேகவைத்த காகிதப் பையோடு கஸ்மினி போய் இறங்கினாள். கொடி கூரை மேல் உண்மையிலேயே அடர்ந்திருந்தது. ஆனால் கூரைக்குக் கீழே, கொடியின் நிழலிலேயே, ஜுமேனோவின் மனைவி எண்ணெய்ச் சட்டியை வைத்துக்கொண்டு மெந்தோவான் பொரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாழையிலைக் கட்டுகள்.

கஸ்மினிக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. இந்தச் சீமையில் தெம்பே இல்லாத ஓர் அடி மண் கிடைக்காதா?

"அட, சார்கும் பொண்டாட்டியா! வா, உக்காரு, சூடா இருக்கு" என்று ஜுமேனோ தட்டை நீட்டினார்.

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேண்டாம் பாக். இன்னிக்குத் தொடக் கூடாது."

"என்னது?" மனிதருக்கு முகம் மாறிவிட்டது. "தெம்பேக்காரன் பொண்டாட்டி தெம்பே வேண்டாங்கறா! எங்க கைப்பக்குவம் மட்டமோ? இல்ல, பல்கலைக்கழகத்துல சேந்ததும் எங்க வீட்டுச் சாப்பாடு எறங்கலயோ?"

"உங்க புருசன் கட்டிக் குடுத்த தெம்பேதாம்மா இது" என்றாள் அவர் மனைவி சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவளுக்கும் சுருக்கென்று தைத்திருந்தது.

விளக்கிச் சொல்ல அவளுக்குப் பொறுமை இல்லை. ஆனாலும் சொன்னாள். இலைக்குள் இருக்கிற உயிரைப் பற்றி, வாழையிலையைப் பற்றி, வெள்ளைப் புள்ளியைப் பற்றி. ஜுமேனோ பாதி கேட்கும்போதே தன் பாதத்தைத் தூக்கி முட்டி மேல் வைத்துக்கொண்டார். குதிகாலில் பழைய தழும்பு.

"இத ஆத்துனது இலையில்ல, உள்ள இருக்கற பூச்சிங்கறியா?"

"அதத்தான், பாக், தெரிஞ்சுக்கணும்."

"அப்ப மேல ஏறு. கீழ இருக்கற இலையெல்லாம் எண்ணெப் புகை. கூரை உச்சிக்குப் போ, காத்து அடிக்கற பக்கம். ஏணிய நான் பிடிச்சுக்கறேன். ஏய், அடுப்ப அணை!"

"மாவு வீணாப் போவும்."

"போவட்டும்."

ஈரத்தகரம் காலடியில் வழுக்கியது. வேகவைத்த கத்தரிக்கோலால் உச்சி இலைகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். இலை கையில் படாமல் நேராகப் பைக்குள் விழுந்தது. கீழே இறங்கியதும் ஜுமேனோவின் மனைவி ஒரு டம்ளர் வெந்நீர் மட்டும் நீட்டினாள். அதை வாங்கிக் குடித்தாள்.

அந்த இலையைத்தான் அவள் கைகள் அன்று மத்தியானம் ஒவ்வொரு கிண்ணமாகக் கழுவின.

பிறகு காத்திருப்பு. கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டியான இன்குபேட்டரின் கதவைத் திறந்து திறந்து பார்த்தால் சூடு போய்விடும் என்று மற்றவர்களைத் திட்டுகிறவள் அவள்தான். இப்போது மிஸ்வான் அவளைத் திட்டினான். இலைச்சாறு ஊற்றிய தட்டில் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஏதேதோ முளைத்தன. ஒருநாள் காலையில், ஓரமாக, வெள்ளையாக, சுருக்கத்தோடு ஒன்று. அதற்குச் சந்தோஷப்படக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது. சாட்சித் தட்டில் எதுவும் இல்லை. போன முறையும் முதலில் எதுவும் இல்லைதானே. அதனால் வழக்கத்தை விடவும் கூடுதல் நாட்கள் அதை வைத்துப் பார்த்தாள். தினமும் விளிம்பைச் சுற்றி லென்ஸை ஓட்டினாள். கனவில்கூட ஒரு தட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ முளைத்துக்கொண்டே இருந்தது.

இதற்கிடையில் மிஸ்வான் சோயாத் தண்ணீரிலிருந்து வளர்த்த தெம்பேக் கிருமியைச் சீழ்க் கிருமித் தட்டில் வைத்துப் பார்த்தான். அதுவும் வளையம் போட்டது. ஏழாம் எண் அளவுக்கு அகலமில்லை. ஆனால் வளையம்தான்.

"யூ, இது பொல்லாதது" என்றான். கிண்டல் செய்ய அவனுக்கு வாய் வரவில்லை.

காப்பகத்து அம்மாள் வருவதற்கு முந்தைய நாள், இளகின அகர் ஊற்றிய மூன்று தட்டுகளில் அவள் பொட்டு வைத்தாள். முதலாவதில் சாட்சித் தட்டுப் புள்ளியும் தெம்பேக் கிருமியும். இரண்டாவதில் ஏழாம் எண்ணும் தெம்பேக் கிருமியும். மூன்றாவதில் ஏழாம் எண்ணும் ஜுமேனோ வீட்டுக் கூரைக் கிருமியும். பொட்டு வைக்கும் கம்பி சூடேறிச் சிவந்தது. ஆறும்வரை நிறுத்திவைத்து, பிறகு தொட்டாள்.

மறுநாள் அந்த அம்மாள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். இபு சுலாஸ்த்ரி என்று பெயர். ஐஸ் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு முன்னறையில் தேநீர் குடித்தாள். விதைப்பு அறைக்குள் பாக் பிரஸ்தோவோ, மிஸ்வான், கஸ்மினி மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

முதல் தட்டு. இரண்டு பொட்டிலிருந்தும் படை கிளம்பி, நடுவில் சந்தித்து, எது எதுவென்று தெரியாமல் கலந்து கிடந்தது. சாட்சித் தட்டில் முளைத்தது அவள் வீட்டுத் தெம்பேதான். தவறு அவளுடையதுதான், சந்தேகமே இல்லை.  யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடுத்தது" என்றார் பாக் பிரஸ்தோவோ.

இரண்டாவது தட்டின் மூடியில் நீராவி கோத்திருந்தது. ஒன்றும் தெரியவில்லை. மூடியைத் திறக்காமல் விளக்குச் சூட்டுக்கு மேலே லேசாகக் காட்டினாள். நீராவி மெல்ல விலகியது. இந்தப் பக்கத்துப் படலம். அந்தப் பக்கத்துப் படலம். நடுவில் முடி போல ஒரு கோடு. தட்டைத் திருப்பினாள். சாய்த்தாள். கோடு போகவில்லை.

 "அந்நியம்" என்றான் மிஸ்வான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் அவள். 

மூன்றாவது தட்டை அவளே எடுக்காமல் பாக் பிரஸ்தோவோவிடம் தள்ளினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்தார். ஏழாம் எண்ணின் படையும் கூரைக் கிருமியின் படையும் ஒரே பாய் விரித்த மாதிரி விளிம்பிலிருந்து விளிம்புவரை படர்ந்திருந்தன. அவர் கோட்டைத் தேடித் தேடிப் பார்த்தார். பிறகு சாட்சித் தட்டைக் கேட்டு வாங்கி, அதன் விளிம்பை முழுக்க ஒரு சுற்று லென்ஸால் பார்த்தார்.

"சுத்தம்" என்றார். "ஒரே குடும்பம், இபு கஸ். வேலிலேர்ந்து மலைக்குத் துண்டுக்குள்ளயே போயிருக்கு."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கேட்டாள்: "நான் குடுவைக்குப் போகணுமா, பாக்?"

"அந்த வாழையிலைக்கு உங்களத் திட்டணும். அத நாளைக்குத் திட்டறேன். இப்ப அந்த அம்மா காத்துக்கிட்டிருக்கு. கையுறைய மாத்துங்க."

சாய்வாக உறைந்த அகரில் வளர்த்த குழாய்களை அவள் முன்பே தயாராக வைத்திருந்தாள். ஏழாம் எண் ஒரு குழாய், கூரைக் கிருமி ஒரு குழாய். மூன்றாவதாக ஒன்றையும் எடுத்தாள். மிஸ்வான் புருவத்தைத் தூக்கினான்.

"அது எதுக்கு, யூ?"

"ஏழாம் எண்ணக் கேக்கறவங்க இதையும் பக்கத்துல வெச்சுப் பாக்கட்டும். என் வீட்டுது எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தான் அது என் வீட்டுது இல்லன்னு தெரியும்."

முன்னறையில் இபு சுலாஸ்த்ரி ஐஸ் பெட்டியைத் திறந்துவைத்திருந்தாள். குழாய்களை ஒவ்வொன்றாக வாங்கி, பஞ்சடைப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து உள்ளே வைத்தாள். மூன்றாவதைக் கையில் எடுத்ததும் நின்றாள்.

"இது எந்த இலைலேர்ந்து?"

"இலையில்லங்க, இபு. எங்க வீட்டுத் தெம்பே."

அந்த அம்மாள் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்காமல் அந்தக் குழாயையும் மற்ற இரண்டின் பக்கத்தில் செருகிவிட்டு, அடுத்தது இருக்கிறதா என்று கையை நீட்டினாள். கஸ்மினி தன் வெறும் கையைக் காட்டினாள். பெட்டி மூடியது.